சொட்டு நின்ற நாள்

ஒரு மெஷினுக்குள் இன்னொரு மெஷினைக் கனவு மாதிரி ஓட விடுகிற வித்தை ஒன்று உண்டு. எமுலேட்டர் என்பார்கள். உள்ளே ஓடுவதற்குத் தான் கனவில் இருப்பதே தெரியாது, பாவம். அதற்குப் பொய்க் கடிகாரம், பொய்ப் பொத்தான் எல்லாம் செய்து கொடுக்க வேண்டும். அந்தப் பொய்களைச் செய்யக் கற்றுக்கொடுப்பதில் ஏரிக்கரைத் தில்லைநாயகியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவளுடைய சீடர் ஞானசிகாமணி, தலை நரைத்த பிறகு படிக்க வந்தவர். அவர் அவளை ‘டீச்சர்’ என்பார். அவள் அவரை ‘அண்ணே’ என்பாள்.

தூறல் விழுந்த ஒரு மத்தியானம் அவர் நனைந்தபடி வந்தார். ஏரி எது, வானம் எது என்று தெரியாமல் எல்லாம் வெளுத்துக் கிடந்தது.

“நாளைக்கு விசாரணை, டீச்சர். வேலை போனாக்கூடப் பரவாயில்ல. புஷ்பத்தைக் கொலைகாரிங்கறாங்க.”

புஷ்பமேரி அவர் மனைவி, ஆஸ்பத்திரி நர்ஸ். அவள் டியூட்டியில் இருந்தபோது ஒரு பெரியவருக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த மெஷின் நின்றுவிட்டது. பெரியவர் போய்ச் சேர்ந்தார். மெஷின் தானாக நிற்காது, நர்ஸ்தான் நிறுத்தியிருக்கிறாள் என்று அதைச் செய்த கம்பெனி ஒற்றைக்காலில் நின்றது.

“மெஷினுக்குள்ள போனதெல்லாம் பதிவாகியிருக்கும்ல?”

“ஆகியிருக்கு. எப்ப எந்தப் பொத்தானை அழுத்தினாங்க, எப்பச் சொட்டு விழுந்துச்சு, எல்லாம் இருக்கு. நிறுத்தற பொத்தானை மட்டும் யாரும் தொடல. அப்போ பதிவே தப்புங்கறாங்க. அந்தப் பதிவை வெச்சே மெஷின் தானா நிக்கறதைக் காட்டினா ஒத்துக்குவாங்களாம். அந்த மெஷினை நான் செஞ்ச எமுலேட்டர்ல, அன்னிக்குப் பதிவை வெச்சு ஓட்டி ஓட்டிப் பார்க்கறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி ஓடுது. நின்ன பாடில்ல. ஏன் டீச்சர்?”

“கண்ணை மூடுங்க. நேத்து என்ன கனவு கண்டீங்க? சொல்லுங்க.”

தலைக்கு மேல் வெள்ளம் போகிறது, இவளுக்குக் கனவு கேட்கிறது! அவருக்குக் கோபம்தான். இருந்தாலும் மூடினார்.

“ஆஸ்பத்திரி வராந்தா. கணுக்கால் வரைக்கும் தண்ணி. புஷ்பம் முன்னால போறா. கூப்பிடறேன், திரும்பல.”

“அங்க மணி என்ன?”

அவர் கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “மூணேகா…” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“கனவுல மணி கேட்டா இந்தச் சுவரைப் பார்க்கறீங்களே, அண்ணே.”

அட, கடவுளே! அவர் செய்த பொய்க் கடிகாரமும் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. அன்றைய நேரத்தைச் சொல்லாமல், வெளியே ஓடும் இன்றைய நேரத்தை எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அதன் கண்ணைக் கட்டினார். பதிவில் உள்ள நேரத்தைத் தவிர இனி அதற்கு வேறு நேரம் தெரியாது.

மறுபடி ஓட்டினார். ஒவ்வொரு சொட்டும் அன்று விழுந்தபடியே விழுந்தது. நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் நிற்கவில்லை. திரும்ப ஓட்டினார். அப்போதும் நிற்கவில்லை.

“புஷ்பமே நிறுத்தியிருப்பாளோ?” கேட்டுவிட்டு அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“எனக்காக இன்னொரு தரம் ஓட்டுங்க.”

திரையில் சொட்டுகள் விழுந்தன. தில்லைநாயகி திரையைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு விழாமல் தயங்கியது. அவர் விரல் மெல்ல ஊர்ந்து கீபோர்டைத் தொட்டது. மருந்து ஓட ஆரம்பித்தது.

“அது என்ன பொத்தான், அண்ணே?”

தன் விரலையே அவர் அப்போதுதான் பார்த்தார்.

“ஓட வைக்கற பொத்தான்.”

“பதிவு ஓடும்போது, இன்னிக்கு அழுத்தற விரலும் அதுக்குத் தெரியுமா?”

“தெரியும். நான்தான் அப்படிச் செஞ்சேன்.” அவர் விரலை மடக்கிக்கொண்டார். “ஒரு தரமாவது அந்தப் பெரியவரைக் காப்பாத்தலாமேன்னு. அப்புறம் கைக்குப் பழகிப்போச்சு போல. சொட்டு நிக்கறதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியல, டீச்சர்.”

“உள்ள யாரு படுத்திருக்கா?”

“யாருமில்ல.”

தூறல் விட்டிருந்தது. ஏரியில் ஒரு சத்தமும் இல்லை.

“நீங்க காப்பாத்தின நாள்ல மெஷின் நிக்கவே இல்லையே, அண்ணே,” என்றாள் தில்லைநாயகி. “நாளைக்கு இதைக் காட்டினா, அன்னிக்கு நிறுத்தினது யாருன்னு ஆகும்?”

ஞானசிகாமணி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பதிவு ஓடும்போது வெளிவிரல் எதுவும் பொத்தானை எட்டாதபடி அடைத்தார். ஓட்டினார். சொட்டு தயங்கியது. விரல் பழக்கத்தில் போய் அழுத்தியது. மறுபடி அழுத்தியது. உள்ளே அது எட்டவில்லை.

சொட்டு தானாக நின்றது.