ஓங்கிய கம்பு

இன்ஸ்பெக்டர் தவசிமுத்து காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி வந்து இறங்கினார். ஜீப் எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. அவருக்குச் சின்ன வயதில் சிலம்பம் சொல்லிக்கொடுத்த பொன்னையா ஆசான், முற்றத்தில் உட்கார்ந்து கம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னலே, உக்காரு."

"உக்கார நேரமில்ல ஆசானே. கல்குவாரி வேண்டாம்னு சனம் ரோட்டுல உக்காந்து மாசக்கணக்காச்சு. எழும்புற வழியக் காணோம். நேத்து எங்க போலீஸ்காரன் ஒருத்தன் ஒரு பொம்பளைய லத்தியால அடிச்சிட்டான். தண்ணிக்குடத்த எடுக்கக் குனிஞ்சிருக்கா, பாவம். இன்னும் ஒரு அடி விழுந்தா ஊரே பத்திக்கும். யார் உசிராவது போயிருமோன்னு பயமா இருக்கு."

"அதுக்கு என்ன பண்ணியிருக்க?"

"எல்லாருக்கும் லீவ ரத்து பண்ணிட்டேன். ராப்பகலா மொத்தப் பேரையும் லத்தியோட சனத்துக்கு முன்னால நிறுத்தியிருக்கேன். மேலயும் ஆள் கேட்டிருக்கேன். எத்தனை பேர் இருந்தா போதும் ஆசானே?"

கேள்வியைப் பாருங்கள்! சிலம்ப ஆசானிடம் வந்து கேட்கிற கேள்வியா இது? ஆசான் எழுந்து கம்பைத் தவசிமுத்துவின் கையில் கொடுத்தார்.

"தலைக்கு மேல ஓங்கிப் பிடி. நான் சொல்லாம இறக்கக்கூடாது."

சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் கருப்பட்டிக் காப்பி. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

தவசிமுத்துவுக்குத் தோள் எரிந்தது. கண்ணில் வியர்வை இறங்கியது. ஜீப்பில் வயர்லெஸ் மைக் கத்திக்கொண்டே இருந்தது; போய் எடுக்க முடியவில்லை. அவசரமாக ஓடிவந்தவனை நிற்கவைத்துவிட்டு இந்தக் கிழவனுக்கு என்ன சாவகாசம் வேண்டிக்கிடக்கிறது? சும்மா உட்கார்ந்திருந்த மனிதர்மேல் அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஆசான் கையை நீட்டினார்.

படீரென்று கம்பு இறங்கியது. டம்ளர் உருண்டது. ஆசானின் மணிக்கட்டு சிவந்து தடித்துவிட்டது.

"ஐயோ, ஆசானே!" கம்பைப் போட்டுவிட்டுக் காலில் விழுந்தார் தவசிமுத்து.

"எதுக்குலே அடிச்ச?"

"நீங்க கைய நீட்டுனீங்க... என்னமோ பண்ணப்போறீங்கன்னு..."

"காப்பி எடுக்கத்தானலே நீட்டுனேன்."

தவசிமுத்துவுக்கு வெட்கத்தில் அழுகை முட்டியது. கூடவே ஆத்திரமும்.

"இவ்வளவு நேரம் ஓங்கி நின்னா எந்தக் கைதான் தாங்கும்? இறக்குலேன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருக்கலாம்லா!"

"சொல்லியிருக்கலாம்," என்றார் ஆசான், மணிக்கட்டை ஊதிக்கொண்டே. "அங்க உன் ஆளுகளுக்கு அதைச் சொல்ல வேண்டியது யாருலே?"