கோணப்பாளையத்தார் பள்ளிக்கூடம் ஒப்பிட்ட கதை

கோணப்பாளையத்தில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது. மொத்தம் நூற்றுப்பத்து வீடு. அத்தனை வீட்டு ஆண்களும் புத்திசாலிகள். பெண்கள் பாவம், வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அந்த ஊர் நாச்சிமுத்துவின் மகள் சுபிக்ஷா அஞ்சாம் வகுப்பு முடித்துவிட்டாள். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. ஆறாவதுக்கு வெளியூர்தான் போக வேண்டும். கிழக்கே வெள்ளைப்பாறை, தெற்கே ஆலாம்புதூர், மேற்கே கருக்கங்காடு, மூன்று ஊரிலும் அரசு நடுநிலைப் பள்ளி இருந்தது. நாச்சிமுத்து ஆறாம் வகுப்பில் ஒன்றரை நாள் படித்தவர். மகளாவது இரண்டு நாளைத் தாண்டிவிட வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே ஆசை. அந்தக் கவலையில் சோறு இறங்கவில்லை. மூன்றாவது தடவை போட்டுக்கொண்டதில் பாதி அப்படியே கிடந்தது.

மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்த தலைமையாசிரியை ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார்.

"மூணு பள்ளிக்கூடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க. கட்டிடத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. வெள்ளிக்கிழமையோட சேர்க்கை முடியுது. விட்டுட்டீங்கன்னா அப்புறம் பஸ் ஏத்தி டவுனுக்குத்தான் அனுப்பணும்."

பஸ் என்றதும் நாச்சிமுத்து வீட்டுக்கு ஓடினார். மச்சினன் செங்கோடனையும், சித்தப்பா மகன் குழந்தைவேலுவையும் கூட்டி வைத்து ஆலோசனை நடத்தினார்.

"கட்டிடத்தைப் பாக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. பாக்காம எப்படி மாப்ளே போறது?"

"கண்ணைக் கட்டிக்கிட்டாத் தீந்துது மச்சான்," என்றார் செங்கோடன்.

திங்கட்கிழமை மூவரும் துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஒரே கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக வந்தவர்களை, சுபிக்ஷா முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். ஆலாம்புதூர் எல்லையில் தண்ணீர் குடிக்க அவள் கயிற்றை விட்டாள். பெரியவர்கள் சும்மா நிற்பார்களா? நேராக நடந்து, கைக்குத் தட்டுப்பட்ட முதல் வாசலில் நுழைந்து, மரியாதையாக ஓரமாக நின்றார்கள்.

"என்ன ஒரு அமைதி பாத்தீங்களா அண்ணா," என்று குழந்தைவேலு கிசுகிசுத்தார். "ஒரு புள்ளை சத்தம் போடலை."

"சத்துணவு நேரம் போல. மெல்லற சத்தம் கேக்குது பாருங்க. அவசரமே இல்லாம திங்குதுங்க, நல்ல பழக்கம்," என்றார் செங்கோடன்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு குரல், "ம்மா" என்றது.

நாச்சிமுத்துவுக்குப் புல்லரித்துவிட்டது. "என்ன உச்சரிப்பு! அஞ்சு வருசம் படிச்சும் நம்ம சுபி இப்படி அடிவயித்துல இருந்து சொன்னதில்லை. இங்கியே சேத்திரலாம்."

"அப்பா, இது பால்காரர் மாட்டுக் கட்டுத்தரை," என்றாள் மூச்சிரைக்க ஓடிவந்த சுபிக்ஷா.

"பாத்துட்டயா? பாத்து முடிவு பண்ணக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்களா இல்லையா?" என்று நாச்சிமுத்து மகளைக் கண்டித்தார். எருமை ஒன்று செங்கோடன் காலை மிதித்த பிறகுதான் மூவரும் வெளியே வந்தார்கள். வாத்தியார் ரொம்பக் கண்டிப்பு என்று செங்கோடன் நொண்டிக்கொண்டே சொன்னார்.

கால் வீக்கம் வடிய ஒரு நாள் ஆனது. புதன்கிழமை கண்ணைத் திறந்துகொண்டே போவது, கட்டிடம் எதிரே வந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வது என்று தீர்மானித்தார்கள். நேரம் மிச்சப்பட ஆளுக்கொரு பள்ளிக்கூடமாகப் பிரித்துக்கொண்டார்கள். சாயங்காலம் கூடி அறிக்கை கொடுத்தார்கள்.

"வெள்ளைப்பாறையில மழை பெய்யுதுங்க அண்ணா," என்றார் குழந்தைவேலு. "ஆலாம்புதூர்ல எப்படி?"

"ஒரு சொட்டு இல்லை," என்று நாச்சிமுத்து ஒப்புக்கொண்டார்.

"அப்ப அங்க வசதி கொறைவுதான்."

"கருக்கங்காட்டுலயும் மழை இல்லை. ஆனா ஒரு புள்ளை எனக்கு வணக்கம் சொல்லுச்சு," என்றார் செங்கோடன்.

"எனக்குச் சொல்லலியே!" என்று நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது.

"நீங்க அங்க வரவே இல்லியே மச்சான்."

இங்கேதான் சிக்கல் பிடிபட்டது. ஒருத்தர் பார்த்ததை இன்னொருத்தர் பார்க்கவில்லை. ஒப்பிட வேண்டுமானால் ஒரே ஆள், ஒரே நேரத்தில், மூன்றையும் பார்த்தாக வேண்டும். அது எப்படி என்று வியாழக்கிழமை முழுக்க யோசித்தார்கள்.

நாச்சிமுத்துவின் மனைவி கோமதி வாசலுக்கு வந்தாள். "நாளையோட முடியுதுங்க. பக்கத்துல இருக்கற வெள்ளைப்பாறையில சேத்திட்டு அவங்கவங்க பொழப்பைப் பாருங்க. புள்ளை அழுதுக்கிட்டு ஒக்காந்திருக்கறா."

"ஆராய்ச்சி நடக்கறப்பக் குறுக்க பேசாத," என்று நாச்சிமுத்து அதட்டினார். அதற்குள் கோமதி உள்ளே போய்க் கதவையும் சாத்தியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வழி கிடைத்துவிட்டது. மூவரும் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஏறினார்கள். மூன்று திசையிலும் மூன்று பள்ளிக்கூடம், ஒரே நேரத்தில், பளிச்சென்று தெரிந்தது. ஆனால் பார்த்த நிமிடமே நாச்சிமுத்துவின் முகம் செத்துப்போனது.

"என்ன மாப்ளே இது, மூணும் தீப்பெட்டி அளவுதான் இருக்குது! நான் போனப்ப வாசப்படி பெருசா இருந்துச்சே?"

"யாராவது வந்தாப் பெருசாக் காட்டுவாங்க மச்சான். ஆளில்லாதப்ப இப்படித்தான் வெச்சிருப்பாங்க. அரசாங்கத்துல எல்லாமே அப்படித்தான்."

"இதுக்குள்ள சுபி எப்படி நொழைவா?"

மூவரும் வாயில் விரலை வைத்து யோசித்துக்கொண்டிருந்தபோது கீழே மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. கோமதி சான்றிதழையும் ஆதாரையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, மகளைப் பின்னால் உட்கார வைத்து வெள்ளைப்பாறைப் பாதையில் போய்க்கொண்டிருந்தாள்.

"அண்ணா!" என்று குழந்தைவேலு அலறினார். "புள்ளை சுருங்கறா!"

நிஜம்தான். பள்ளிக்கூடத்தை நெருங்க நெருங்க சுபிக்ஷா பூனை அளவானாள், எலி அளவானாள், கடைசியில் எறும்பு அளவுக்கு இறங்கித் தீப்பெட்டி வாசலில் தாராளமாக நுழைந்துவிட்டாள். நாச்சிமுத்து தொட்டிமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பத்து வருசம் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை.

"அக்காளும் சுருங்கிட்டாங்க மச்சான்," என்றார் செங்கோடன்.

நாச்சிமுத்து சட்டென்று அழுகையை நிறுத்தினார். எட்டிப் பார்த்தார். ஆமாம், கோமதி சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. எழுந்து நின்று, கல்யாணமான நாள் முதல் சொல்ல நினைத்ததையெல்லாம் தொண்டை கிழியச் சொல்லித் தீர்த்தார். மொபெட் திரும்பியது. அவள் பெரிதாகப் பெரிதாக அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. தொட்டிக்கு அடியில் வண்டி நின்றபோது அவர் தொண்டையைச் செருமக்கூட இல்லை.

"சேத்தாச்சு. எறங்கி வாங்க," என்றாள் கோமதி.

நாச்சிமுத்து விழுந்தடித்து இறங்கி மகளின் தலை, தோள், கை விரல் எல்லாம் தடவிப் பார்த்தார். முழுசாகத்தான் இருந்தாள். ஆனாலும் பெற்ற மனசு கேட்குமா? அன்றைக்கே அவளை வீட்டு வாசல் நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் கரியால் ஒரு கோடு போட்டார். தினமும் சாயங்காலம் பிள்ளை குறையாமல் வந்து சேர்ந்தாளா என்று அந்தக் கோட்டில் அளந்து பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். ஒரு நாளும் குறையவில்லை.

வருசக் கடைசியில்தான் இடி விழுந்தது. கோட்டைத் தாண்டி இரண்டு விரக்கடை உயரமாக நின்றாள் சுபிக்ஷா. நாச்சிமுத்து நாணயஸ்தர். மறுநாள் காலையில் சாட்சிக்காக வீட்டு நிலையையே பெயர்த்தெடுத்து, செங்கோடனும் குழந்தைவேலுவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிவர, வெள்ளைப்பாறைப் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை நடக்கும்போது தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றார்.

"சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. காத்தால சுருக்கி எடுத்துக்கறீங்க, சாயங்காலம் திருப்பி அனுப்பறீங்க, அதுல நாங்க ஒரு கொறையும் சொல்லலை. ஆனா எம் பொண்ணுக்கு ரெண்டு விரக்கடை சேத்தி வந்துருச்சு. அடுத்தவங்க புள்ளையோடது எங்களுக்கு வேண்டாமுங்க."

நாச்சிமுத்து பிள்ளைகளின் வரிசையை ஒரு நோட்டம் விட்டார். முன்வரிசையில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று இடுப்பு உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"அதோ நிக்குதே, அந்தப் பாப்பாவோடதாத்தான் இருக்கும் சார். பாவம், அவங்க வீட்டுல எவ்வளவு நாளாத் தேடறாங்களோ!"