நடுவரின் மணி

"இரண்டு பக்கமும் நன்றாகப் பேசிவிட்டார்கள் அம்மா. எந்தத் தர்மத்தை வைத்து எடை போடுவது?"

கேட்டவர் பட்டிமன்ற நடுவர் மாசிலாமணி. மடத்து விழாவில் அன்றைய தலைப்பு, 'பேச்சுக்குத் தடை வேண்டுமா, வேண்டாமா?' சுண்டல் இடைவேளை முடிந்ததும் தீர்ப்பு. ஒரு பக்கம் சாயாதவர் என்று ஊருக்குள் அவருக்குப் பெரிய பெயர். அது இன்றைக்குக் கெட்டுவிடுமோ என்று மனிதருக்கு உதறல். பதற்றத்தில் மேடை மணியைக் கையோடு எடுத்து வந்துவிட்டார்.

மடத்துத் தலைவி வடிவாம்பாள் சமையற்கட்டில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மாசிலாமணியைவிட இளையவர். ஆனாலும் அவருக்கு இவர்தான் குரு.

"யார் யார் என்ன சொன்னாங்க? மணியை இப்படிக் குடுத்துட்டு, சொல்லுங்க ஐயா."

தடை வேண்டும் என்றவர்களின் பேச்சை மாசிலாமணி விரிவாகச் சொன்னார். அம்மாள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

"அடுத்து, தடை வேண்டாம்னவங்க..."

டிங்.

"என்னம்மா?"

"நேரம் முடிஞ்சுது."

"நான் இன்னும் தொடங்கவே இல்லையே."

"தொடங்குங்க."

"அவங்க என்ன சொன்னாங்கன்னா..."

டிங்.

மாசிலாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தப் பக்கத்துக்கு அரை நாழி கேட்டீங்க. இந்தப் பக்கத்துக்கு மட்டும் எப்படிம்மா அதுக்குள்ள முடியும்?"

"எனக்குப் பிடிக்காத பேச்சு ஐயா. நேரம் சீக்கிரம் முடிஞ்சுடும்."

மணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மாள் மறுபடி அவரைக்காயை எடுத்தார்.

மாசிலாமணி கையிலிருந்த மணியைப் புரட்டிப் பார்த்தார்.

"கடைசியா பேசின செண்பகவல்லி டீச்சருக்கு இன்னும் நேரம் இருந்துச்சும்மா."

"அப்படியா? என்ன சொல்ல வந்தாங்க?"

"பேச்சுரிமைதான் உயிர்னு பக்கத்து ஊர்ல நான் பேசினேன். போன மாசம் இங்க, என்னைக் கிண்டல் பண்ணின நாடகத்தைத் தடை பண்ணணும்னு பேசினேன். ரெண்டையும் டீச்சர் எழுதி வந்து சேர்த்துப் படிக்கப் போனாங்க. மணியை அடிச்சுட்டேன்."

அம்மாள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "நல்லா இருந்திருக்குமே."

"என் மானம் போயிருக்கும்மா."

"போகட்டுமே ஐயா. தீர்ப்புக்கு உதவியிருக்கும்."

மாசிலாமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கத்தோடுதான்.

மேடைக்குத் திரும்பிப் போய் மைக்கைப் பிடித்தார். "தீர்ப்புக்கு முன்னாடி, டீச்சர் பாதியில விட்டதைச் சொல்லி முடிக்கணும்."

கூட்டம் சுண்டலை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தது. செண்பகவல்லி தயங்கித் தயங்கி மேடையேறினார்.

"எனக்கு எவ்வளவு நேரம் ஐயா?"

"என்னைப் பத்திதானே டீச்சர்? வேண்டிய மட்டும் பேசுங்க."