ஒச்சன் செய்த பிழை

கீழப்பாறை ஜமீன்தார் பூபதி துரைக்குத் தமிழைக் கரைத்துக் குடித்தவர் தாம் ஒருவர்தான் என்று நினைப்பு. யார் வாய் திறந்தாலும், "பிழை! திருத்திச் சொல்!" என்று அதட்டுவார்.

ஒருநாள் ஊர்க்குளத்துக்குக் குளிக்கப் போனவர், பாசிப்படியில் வழுக்கி ஆழத்தில் விழுந்தார். கூடப் போனவர்கள் கரையில் நின்று கூச்சல் போட்டார்கள். அங்கே குதிரை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒச்சன்தான் குதித்து, கைக்கு அகப்பட்ட குடுமியைப் பிடித்து இழுத்துவந்து படியில் போட்டான்.

மூச்சு வந்ததும் துரைக்கு உயிர் பெரிதாகத் தெரியவில்லை, குடுமிதான் பெரிதாகத் தெரிந்தது. மறுநாளே ஒச்சனைச் சபையில் நிறுத்தினார்.

"குதிரைக்காரன் என் குடுமியைத் தொடுவதா? செய்த பிழையை உன் வாயாலேயே சொல். அதைத் திருத்திவிட்டு ஊரைவிட்டுப் போ. திருத்தாவிட்டால் கசையடி!"

நடந்து முடிந்ததை எப்படித் திருத்துவது? சபையே ஒச்சனைப் பாவமாகப் பார்த்தது.

ஒச்சன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான். "நான் குடுமியைப் பிடிச்சேன், சாமி பிழைச்சீங்க. சாமி பிழைச்சதுதான் நான் செஞ்ச பிழை."

"ஒத்துக்கொண்டாய் அல்லவா? திருத்து!"

"இப்பவே திருத்திடறேன் சாமி. கொஞ்சம் எந்திரிச்சுக் குளத்துக்கு வாங்க."

சபையில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். துரை நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் ஒச்சா," என்றார். "அந்த ஒரு பிழை மட்டும் அப்படியே இருக்கட்டும்."