ஆடவும் நிற்கவும் ஒரு நாற்காலி

மேலக்காட்டு ஜமீனில் செங்கமலம் என்றொரு ஆயா. பகலெல்லாம் ஜமீன் பிள்ளையை மடியில் வைத்து ஆட்டுவதுதான் வேலை. தன் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு வெள்ளத்தாயிடம் விட்டுவந்து மாதக்கணக்காகிவிட்டது. பார்த்துவர விடுப்புக் கேட்டாள்.

ஜமீன்தார் விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளைக்கு நாற்காலி ஒண்ணு கொண்டா. அது ஆடவும் வேணும், அசையாம நிக்கவும் வேணும். கொண்டுவந்த அன்னிக்கே வீட்டுக்குப் போ."

செங்கமலம் அழுதாள். பிறகு தச்சரைக் கெஞ்சி, வளைந்த கால் வைத்த நாற்காலியின் அடியில் இரண்டு கட்டைகளைக் கீல் போட்டு மாட்டச் சொன்னாள். கட்டையை மடக்கினால் ஆடியது, இறக்கினால் நின்றது.

அதைக் கொண்டுவந்து காட்டியதும் விருந்தாளிகள் மெச்சித் தலையாட்டினார்கள். ஜமீன்தார் முகம் கறுத்தது.

"கட்டையெல்லாம் கூடாது. அது இல்லாமலே நிக்கணும், ஆடணும்."

"அப்படி இந்த வீட்டுல ஒண்ணுதாங்க இருக்கு. ஐயா குடுத்த வாக்கு. குடுத்தப்ப நின்னுச்சு, இப்ப ஆடுது."

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். ஜமீன்தார் வாசலைக் காட்டினார்.

செங்கமலம் ஓடினாள். வெள்ளத்தாய் இடுப்பிலிருந்த குழந்தையிடம் கை நீட்டினாள். யாரோ என்று பார்த்த குழந்தை, வீறிட்டு அழுதபடி வெள்ளத்தாயின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டது.