முள்ளு அசையாத கார்

ஊத்தங்குளத்துல அண்ணன் தம்பி மூணு பேரு. மூத்தவன் சுடலையாண்டி, நடுவுல உள்ளவன் மாசானமுத்து, கடைசி பட்டுராஜன். மூணு பேருக்கும் சேர்த்து ஒரு பழைய கார், மூணு பேருக்கும் சேர்த்து ஒரே மூளை. அதுவும் எப்பவாவதுதான் வேலை செய்யும்.

பட்டுராஜனுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம், நாலு மைல் தள்ளி மேலப்பாறையில. பொண்ணோட தாய்மாமன் கறாரா சொல்லிட்டாரு: "மாப்பிள்ளை கார்ல வந்து இறங்கணும். பத்தரைக்குள்ள இறங்கலைன்னா, என் மகன் பட்டு வேட்டியோட ரெடியா நிக்கான்!"

புதன்கிழமை மெக்கானிக் சவரிமுத்து வந்து காரைப் பார்த்தாரு. சாவியைப் போட்டதும் சூடு காட்டுற முள்ளு விருட்டுன்னு சிவப்புக்கு ஏறிடுச்சு.

"நேத்து நிறுத்தின வண்டி, இன்னும் சிவப்பு காட்டுது. சூடு பார்க்கிற சென்சார் போச்சு அண்ணாச்சி. இந்தாங்க புதுசு. பழசைத் திருகிக் கழட்டிட்டு இதை மாட்டிருங்க. ஆனா நடுவுல வண்டியை ஓட்டினீங்கன்னா, இஞ்சின் நல்லா ஆறினப்புறம்தான் கழட்டணும். சூட்டுல கையை வச்சிராதீங்க, வெந்நீர் பீய்ச்சி அடிச்சிரும்." சொல்லிட்டு அவரு மச்சினி வீட்டு விசேஷத்துக்கு பஸ் ஏறிட்டாரு.

"ஆறிடுச்சான்னு தொட்டுப் பார்ப்போமா?"ன்னான் மாசானமுத்து.

"கூறு கெட்டவனே!"ன்னு அதட்டினான் சுடலையாண்டி. "சூட்டுல கையை வைக்கக் கூடாதுன்னாரே. ஆறினது தெரிஞ்சாத்தான் தொடணும்."

"ஆறினது எப்படிண்ணே தெரியும்?"

"அதுக்குத்தானே முள்ளு இருக்கு!"

ஆக, சாவியைப் போட்டபடியே விட்டுட்டு மூணு பேரும் முள்ளைப் பார்த்துக்கிட்டு உக்காந்தாங்க. முள்ளு சிவப்பை விட்டு இறங்கலை. டேபிள் ஃபேனை இஞ்சினுக்கு நேரா வச்சாங்க. பானெட்டைத் திறந்து வச்சு, பானகம் கரைச்சு இஞ்சின் மேல ஊத்தினாங்க. அசையலை.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பூனை வந்து இஞ்சின் மேலயே சுருண்டு படுத்துத் தூங்கிடுச்சு.

"அண்ணே, பூனைக்குச் சுடலையே?"

சுடலையாண்டி பூனையையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தான். "பூனை முள்ளைப் பார்க்கலைல. பார்த்திருந்தா படுத்திருக்குமா?"

மூணு பேரும் திரும்பவும் முள்ளுக்கு முன்னால போய் உக்காந்தாங்க.

வெள்ளிக்கிழமை விடிஞ்சு ஆறு மணி. பட்டுராஜன் மாப்பிள்ளை வேட்டியில அழுகிற நிலைமையில நின்னான். "அண்ணே, அந்தப் பய தாலி கட்டிருவாண்ணே. என்னால தாங்க முடியாதுண்ணே!"

அப்போதான் முள்ளு மெதுவா இறங்க ஆரம்பிச்சுது. சிவப்பை விட்டுச்சு, நடுவுக்கு வந்துச்சு, அடியில போய் படுத்துடுச்சு. ரெண்டு நாளா சாவி போட்டே கிடந்ததுல பேட்டரி செத்துப் போச்சு, வேற ஒண்ணுமில்லை. இவங்க கட்டிப்பிடிச்சுக் குதிச்சாங்க. பழைய சென்சாரைத் திருகிக் கழட்டி, புதுசை மாட்டி, ஒழுகின தண்ணியை ஊத்தி நிரப்பினாங்க. வேலை சுத்தமா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

சாவியைத் திருப்பினா சத்தமே இல்லை. ஹாரனை அமுக்கினா அதுவும் பேசலை.

"வண்டிக்குக் கோபம் தணிஞ்சிருச்சுல"ன்னான் சுடலையாண்டி. "இறங்கித் தள்ளு."

மாப்பிள்ளை கார்லதான் வந்து இறங்கணும்னு பேச்சு. அதனால பட்டுராஜன் ஸ்டியரிங்கைப் பிடிச்சு உள்ளே உக்காந்துக்கிட்டான். அண்ணன்மார் ரெண்டு பேரும் பின்னாடி தள்ளினாங்க. ஆள்கள் சைக்கிள்ல தாண்டிப் போனாங்க. ஒரு எருமைமாடும் தாண்டிப் போச்சு.

"முள்ளு எங்கல இருக்கு?"

"அடியிலதாண்ணே!"

"அப்படிப் போடு!"

மண்டபத்து வாசலுக்கு வந்து சேரும்போது பத்து இருபது. மணவறை ஓரத்துல பட்டு வேட்டிக்காரன் தலை சீவிக்கிட்டு இருந்தான். பொண்ணு வாசலையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. பட்டுராஜன் இறங்கினதைப் பார்த்ததும் அதுக்கு உசுரு வந்துச்சு. பத்து இருபத்தெட்டுக்குத் தாலி ஏறிடுச்சு.

பந்தியில மாமனார் கேட்டாரு, "ஏன் மாப்பிள்ளை, தள்ளிக்கிட்டு வந்தீங்களே, வண்டி கெட்டுப் போச்சா?"

"கெட்டுப் போகலை மாமா, இப்பதான் சரியாச்சு. நாலு மைல் வந்தும் முள்ளு ஒரு நூல் ஏறலை. வேணும்னா போய்ப் பாருங்க."

மாமனார் பாதிச் சாப்பாட்டுல எழுந்து போய், கார் கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் தன் டிராக்டர் டிரைவரைக் கூப்பிட்டு காதைப் பிடிச்சுத் திருகினாரு.

"அரை மைல் ஓட்டினதுமே முள்ளை மேல ஏத்திக் கொண்டாந்து நிறுத்துதியே, வெக்கமா இல்ல? நாளையில இருந்து நீயும் இறங்கித் தள்ளுல!"