நடைவண்டி மோதிய வழக்கு

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் இருந்தான். முதியவர் ஒருவர் தெருவைக் கடக்கும்வரை ஒருநாள் அவன் தேர் காத்து நிற்க வேண்டியதாயிற்று. அவ்வளவுதான், அரசனுக்கு வந்ததே கோபம். "சக்கரம் உள்ள எது யார்மீது மோதினாலும் குற்றம் மோதப்பட்டவருடையதே. அவர் ஓராண்டு தெருவில் கால் வைக்கக் கூடாது" என்று முரசறையச் சொல்லிவிட்டான். தேரில் போகிறவர்களுக்குக் கொண்டாட்டம். நடக்கிறவர்கள் பாடு திண்டாட்டம்.

அதில் முதலில் மாட்டியவள் மோர் விற்கும் காத்தாயி. தேர்ப்படைத் தலைவன் இரணசிங்கனின் தேர் மோதி அவள் கால் முறிந்தது. சபைக்கு அவளைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

"நடுத்தெருவில் நின்றாயா?" என்றான் அரசன்.

"கோயில் மதிலை ஒட்டி நின்னேன் சாமி. மதிலையும் இடிச்சுட்டுத்தான் தேரு நின்னுச்சு. மதிலுக்கும் சேர்த்தே தண்டனை குடுங்க."

சபை திகைத்தது. அரசவை விகடன் மருதப்பன் மட்டும் சிரித்தான்.

"அரசே, தெருவில் கால் வைக்காமல் இவள் எப்படி மோர் விற்பாள்? இவள் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?" என்று கேட்டான்.

மருதப்பன் என்றாலே இரணசிங்கனுக்கு ஆகாது. "சட்டத்தை எதிர்ப்பவனுக்கும் அதே தண்டனை தாருங்கள், அரசே" என்றான்.

"ஆகட்டும். இவள் கால் ஊன்றும் நாளில் தீர்ப்பு. அன்று இவள்மேல் குற்றமில்லை என்று காட்டு, மருதப்பா. இல்லையேல் நீயும் வீட்டோடு கிட."

மருதப்பன் நேரே தச்சரிடம் போனான்.

ஒன்றரை மாதம் கழித்துக் காத்தாயி சபைக்கு நடந்தே வந்தாள். குழந்தைகள் நடை பழகும் நடைவண்டியை அவள் இடுப்பு உயரத்துக்குச் செய்து வாங்கியிருந்தான் மருதப்பன். கடகடவென்று உருட்டிக்கொண்டு வந்தவள், தூணோரம் நின்ற இரணசிங்கனின் கால் கட்டைவிரலில் ஏற்றிவிட்டாள். அரசன் முன்னால் யாரும் செருப்பணியக் கூடாது என்பது அந்தச் சபை வழக்கம். தெரியாமல் ஏற்றினாளா, தெரிந்தே ஏற்றினாளா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இரணசிங்கன் ஒற்றைக்காலில் குதித்தான். "அரசே, இவளைச் சிறையில் தள்ளுங்கள்."

"குற்றம் தங்களுடையது, தலைவரே" என்றான் மருதப்பன். "நடைவண்டிக்கு மூன்று சக்கரம். இன்று முதல் ஓராண்டு தாங்கள் தெருவில் கால் வைக்கக் கூடாது."

"என்ன அநியாயம் இது? நான் ஓரமாகத்தானே நின்றேன்? வண்டி ஓட்டுகிறவள் அல்லவா பார்த்து ஓட்ட வேண்டும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

"அன்னிக்கு நானும் இதைத்தானே சாமி சொன்னேன்" என்றாள் காத்தாயி.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். "மருதப்பா, என் சட்டத்தின் காலை முறித்துவிட்டாய். இனி ஓட்டுகிறவர்தான் பார்த்து ஓட்ட வேண்டும். பாராமல் மோதினால் குற்றம் அவருடையது. அடிபட்டவர் பழையபடி நடமாடும்வரை அவர் பிழைப்புக்கும் அவரே பொறுப்பு" என்றான். தன் காலில் கிடந்த பொற்கழலைக் கழற்றி மருதப்பனுக்குப் பரிசளித்தான்.

மறுநாள் கடைவீதியில் தேர் ஒன்று வந்தது. மேலே மோர்ப்பானைகளோடு காத்தாயி உட்கார்ந்திருந்தாள். கடிவாளம் இரணசிங்கன் கையில்.

"பார்த்து ஓட்டுங்க சாமி" என்றாள் அவள். "ஆளுங்க நடக்கிறாங்க."